வெட்டிய கூரை

பழைய வண்டிகள் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. தொண்ணூறு வருஷம் தாண்டி ஒரு வண்டி நம் கைக்கு வருகிறது என்றால் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் துடைத்து மூடி வைக்க வேண்டும். தகரம் வெட்டுகிற கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போகவே கூடாது. ஹாட் ராட், அதாவது வேகத்துக்காகவோ அழகுக்காகவோ வெட்டி மாற்றிய பழைய வண்டி, அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அதுவும் கூரையை வெட்டித் தாழ்த்திய வண்டிகளைப் பார்த்தால், "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்து வச்சிருக்கான்" என்றுதான் வாயில் வரும். அந்தக் கொள்கை இப்போது முழுசாக என்னிடம் இல்லை. போயே போய்விட்டது என்றும் சொல்ல முடியவில்லை. பாதியில் நின்றுகொண்டு உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

காரணம், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரியவர். கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு பக்கம் வீடு. விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் தகர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தியலைப் பிடிக்கும் விதத்திலேயே அது தெரியும். அவருடைய கராஜில் 1931 ஃபோர்டு மாடல் ஏ பிக்கப் ஒன்று நிற்கிறது, மூடிய கேபின் வைத்தது. அதை ஹாட் ராட் ஆக்குகிறார். சனிக்கிழமைகளில் நான் போய் எடுபிடி வேலை செய்வேன், வாயும் அடிப்பேன். இரண்டையும் அவர் பொறுத்துக்கொள்கிறார்.

மூடிய கேபின் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு இந்த பிக்கப்பை இரண்டு விதமாக விற்றது. ஒன்று துணிக்கூரை போட்ட திறந்த கேபின், மற்றது கதவும் கண்ணாடியும் கூரையும் வைத்து மூடியது. மூடியதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த இடநெருக்கடி புரியும். முதுகை ஒட்டிப் பின்பக்கத் தகரம், சாய்ந்துகொள்ள வழியில்லை. முழங்காலுக்கு நேரே டேஷ்போர்டு, அதற்குப் பின்னால் நாற்பது லிட்டர் சொச்சம் பிடிக்கும் பெட்ரோல் டேங்க். மாடல் ஏ-யில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாக கார்பரேட்டருக்கு இறங்கும். டேஷ்போர்டில் தெரிகிற பெட்ரோல் அளவு, டேங்குக்குள் மிதக்கும் தக்கையின் மறுமுனைதான். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு முன்னால் தெரியும் அந்த வளைந்த தகரமே டேங்கின் மேல்பாகம். மோதினால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஒரே ஒரு விஷயம்தான் தாராளம்: தலைக்கு மேலே இருக்கிற இடம். தொப்பியைக் கழற்றாமல் ஓட்டலாம். பெரியவர் கைவைக்க நினைத்ததும் அந்த ஒரே தாராளத்தின் மேல்தான். மூன்று அங்குலம் வெட்ட வேண்டும் என்றார்.

காற்றுக்காக வெட்டியது

நான் சும்மா விடவில்லை. கூரை வெட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போய்த்தான் வாதாடினேன். எல்லாம் இந்தப் பக்கத்து உலர்ந்த ஏரிகளில் ஆரம்பித்தது. கஹோன் கணவாயைத் தாண்டி மேலே ஏறினால் மொஹாவி பாலைவனம், அங்கே எல் மிராஜ், மூராக் போன்ற ஏரிப்படுகைகள். தண்ணீர் வற்றிப் பலகை மாதிரி இறுகிய களிமண், மைல்கணக்கில். முப்பதுகளில் பையன்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் எவ்வளவு வேகம் போகிறது என்று பார்த்தார்கள். 1937-இல் பல கிளப்புகள் சேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை வைத்தன. மூராக் பின்னால் ராணுவத்தின் கைக்குப் போய், இன்றைக்கு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாக இருக்கிறது. எல் மிராஜில் இன்னமும் அந்தச் சங்கம் வண்டி ஓட்டுகிறது.

அந்த மண்ணில் மரியாதை எல்லாம் கூரையில்லாத ரோட்ஸ்டருக்குத்தான். எடை குறைவு, உயரம் குறைவு. மூடிய வண்டிகளை அந்தச் சங்கம் ரொம்ப காலம் சேர்த்துக்கொள்ளவே இல்லை. போருக்குப் பிறகு ரசெட்டா என்ற வேறொரு சங்கம்தான் கூப்பே என்கிற மூடிய கார்களுக்கு இடம் கொடுத்தது. மூடிய வண்டி வைத்திருந்தவனுக்கு முன்னால் இருந்த பிரச்சினை காற்று. நெட்டுக்குத்தாக நிற்கிற கண்ணாடி, அதற்கு மேலே உயரமான கூரை, மொத்தமும் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கூரையைத் தாழ்த்தினால் முன்முகம் சின்னதாகும், அதே இன்ஜினில் சில மைல் வேகம் கூடும். ஆக, அது கணக்குப் பார்த்து வெட்டிய வெட்டு.

பிக்கப்புக்கு அங்கே வேறு வேலை. சாமான் வாங்கி வர, பழுதான வண்டியை இழுத்து வர. ஓடுகிற வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்புகிற வேலையும் அதன் தலையில்தான் விழும். வேகத்துக்கென்றே பல்சக்கரம் மாற்றிய வண்டிகள் நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்பத் திணறும். இன்றைக்கும் யூட்டா மாநிலத்தில் வேக ஓட்டம் நடக்கிற பான்னவில் உப்புப் படுகையில் தள்ளுகிற வண்டி இல்லாமல் காரியம் நடக்காது. சரி, அப்படி உழைக்கிற வண்டிக்கு எதற்குக் கூரை வெட்டு? அதுவும் கேபினுக்குப் பின்னால் திறந்த தொட்டி. கூரையைத் தாண்டிய காற்று நேரே அதற்குள் விழுந்து சுழலும். முன்னால் மிச்சம் பிடிப்பதைப் பின்னால் தொலைக்கிற வண்டி. இதையெல்லாம் வரிசையாக அடுக்கி, "வெட்டி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"அழகுக்குத்தான். வேற எதுக்கு?" என்றார்.

வேகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், மடக்கலாம் என்று போயிருந்தேன். அழகுக்கு என்று ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் என்ன பேசுவது? பிக்கப் விஷயத்தில் அவர் சொன்னது ஒன்றும் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளிலேயே, கார்களை அழகுக்காக மாற்றிச் செய்வதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸ் என்பவரின் பட்டறையில் ஒரு 1929 மாடல் ஏ திறந்த பிக்கப்பை எடுத்து இழைத்து, ஆலா கார்ட் என்று பெயர் வைத்து, ஓக்லாந்து ரோட்ஸ்டர் கண்காட்சியில் 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் முதல் பரிசு வாங்கினார்கள். மூட்டை ஏற்றுவதற்கா அதைச் செய்தார்கள்?

நம்பர் பிளேட்

என் கொள்கையில் விரிசல் விழுந்தது கூரையில் இல்லை, அதற்கு முன்னால். கேபினைச் சேசிஸிலிருந்து தூக்கி, பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்த கட்டத்தில்.

மாடல் ஏ மொத்தம் 48 லட்சம் சொச்சம் செய்தார்கள். அபூர்வப் பொருள் கிடையாது. அதனாலேயே யாரும் இதைப் போற்றிப் பாதுகாக்கவில்லை, உழைக்க விட்டார்கள். இந்த வண்டி பல காலம் ஏதோ பண்ணையில் இருந்திருக்க வேண்டும். 1931-இல் இதற்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம். எங்களுக்கு வந்தபோது இருந்ததோ 16 அங்குல இரும்புச் சக்கரம். பிரேக்கைக் கழற்றினால் உள்ளே ஹைட்ராலிக். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான், அதுவரை கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். ஆக, பின்னால் வந்த ஏதோ ஒரு ஃபோர்டிலிருந்து பிரேக்கையும் சக்கரத்தையும் சேர்த்துக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறான் எவனோ புத்திசாலி. ஹாட் ராட்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற அதே மாற்றம். அவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மூட்டையோடு இறக்கத்தில் வரும்போது வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கேபினின் பின்பக்கத் தகரம். சீட்டுக்குக் கீழே, உள்பக்கமாக, தார் மாதிரி ஏதோ கெட்டியாகப் பூசியிருந்தது. சூடு காட்டிச் சுரண்டினால், கையகலத்துக்குச் சற்று நீளமாக ஒரு ஒட்டு. சுற்றிலும் ரிவெட். இன்னும் சுரண்டினால் புடைத்த எழுத்துகள் தட்டுப்பட்டன, தலைகீழாக. பழைய நம்பர் பிளேட் ஒன்றை நறுக்கி, துருப்பிடித்த ஓட்டையின் மேல் வைத்து அடித்திருக்கிறார்கள். மூலைகளை உருட்டி அரம் போட்டிருந்தார்கள், சீட்டைத் தூக்கும்போது கை கிழியக்கூடாது என்று. யாரும் பார்க்கப்போகாத இடத்தில் அந்த அக்கறை. வருஷம் போட்டிருக்கிற ஓரம் துருவில் போயிருந்தது. நான் மண்டியிட்டபடி அதையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கொள்கைப்படி என்ன செய்ய வேண்டும்? 1931-க்குத் திரும்ப வேண்டுமென்றால் இந்த நம்பர் பிளேட்டை வெட்டி எறிய வேண்டும். அந்த பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் எறிய வேண்டும். கடையில் புதிதாக அச்சடித்த பின்பக்கத் தகரம் கிடைக்கிறது. மாடல் ஏ-க்குக் கிடைக்காத பாகமே இல்லை. அதை வாங்கி வைத்துவிட்டால் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி ஆகிவிடும். இடையில் அது வாழ்ந்த வாழ்க்கை மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போகும். வெட்டக்கூடாது என்று சொல்கிற நான் எறியச் சொல்ல வேண்டும். வெட்டப்போகிற பெரியவர், பிளேட்டைச் சுற்றித் துருவை மட்டும் எடுத்துவிட்டு, "இது இருக்கட்டும், நல்ல வேலை" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சாக்காக வைத்து எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்ணூறு வருஷம் யார் கையும் படாமல் முழுசாக வந்த வண்டிகள் இருக்கின்றன, கொஞ்சம்தான். அவற்றில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக்கூடாது. அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை. இது அந்த ஜாதி வண்டி இல்லை.

நீல டேப்

வெட்டுவதற்கு முன்னால் பெரியவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. பெயின்ட்டர்கள் ஒட்டுகிற நீல டேப்பை எடுத்து, கண்ணாடி ஓரத் தூண்கள், கதவுச் சட்டம், பின் ஜன்னலின் இரண்டு பக்கம் என்று சுற்றிலும் மூன்று அங்குலப் பட்டையாக ஒட்டினார். இவ்வளவும் இல்லாமல் போகும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் எதிர் வாசலில் போய் நின்று பார்த்தோம். அடுத்து அவரே உள்ளே உட்கார்ந்து, என்னை வெளியிலிருந்து அளக்கச் சொன்னார். ஆறடிக்கு மேல் உயரம் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால், மூன்று அங்குலம் போனபின் முன்கண்ணாடியின் மேல் ஓரம் சரியாகப் புருவத்துக்கு நேரே வந்தது. சிக்னலில் முதல் ஆளாக நின்றால் விளக்கைப் பார்க்கக் குனிய வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து, டேப்பை உரித்து, இரண்டு அங்குலத்துக்கு மறுபடி ஒட்டினார். திரும்பவும் எதிர் வாசல். இந்தத் தடவை எனக்கும் அது பிடித்துவிட்டது, அதுதான் வில்லங்கம். அதுவரை முழித்துக்கொண்டு நின்ற வண்டி, எதையோ உற்றுப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. தகரம் இன்னும் வெட்டவே இல்லை, வெறும் டேப். நான் வாதத்தில் தோற்ற இடம் என்று சொன்னால் அது இதுதான், அதுவும் யாரும் என்னோடு வாதாடாமலே.

வெட்டு வேலை சுலபம் என்று சொல்வார்கள், மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால் உண்மைதான். மாடல் ஏ கேபினின் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மேல்பாதியை இறக்கினால் கிட்டத்தட்டப் பொருந்தி உட்காரும். நாற்பதுகள், ஐம்பதுகள் வண்டிகளில் தூண்கள் உள்பக்கம் சாய்ந்து மேலே குறுகும். அங்கே துண்டு எடுத்தால் மேலும் கீழும் சேராது. கூரையையே நெடுக்கும் குறுக்கும் பிளந்து அகலப்படுத்த வேண்டும். இங்கே அந்தத் தலைவலி இல்லை. கண்ணாடிகளும் தட்டையானவை, லேமினேட்டட் கண்ணாடியைப் புது அளவுக்கு வெட்டி வாங்கிவிடலாம்.

முதலில் கதவுகளை மூடி, கேபினுக்குள் சதுரக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் வைத்தார். தூணை வெட்டியதும் கேபின் விரிந்து, அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சேராமல் போகக்கூடாது என்பதற்காக. வெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லை. கதவில் ஓர் உயரம், அதற்குப் பக்கத்துத் தூணில் வேறு உயரம். எல்லா ஒட்டும் ஒரே கோட்டில் வந்தால் பலம் போய்விடும். மேல்பாதியை இரண்டு பேருமாகத் தூக்கி இறக்கினோம். பின்மூலையில் ஒரு நூல் இடைவெளி. அதற்கே முகம் சுளித்தார்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. மெல்லிய தகரத்தை நீளமாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அப்பளமாகிவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, அது ஆறுகிற வரை எதிர்ப்பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு பொட்டுக்கும் தகரம் கொஞ்சம் சுருங்கும். உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி அதை மறுபடி விரிக்க வேண்டும். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் வெறும் காதால் கேட்டே சொல்வார்கள், கட்டை சரியாகச் சுத்தியலுக்கு நேரே இருந்தால் ஒரு சத்தம், விலகினால் வேறு சத்தம் என்று. இவரும் அப்படித்தான், தகரத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு தட்டுவார். பட்டி பூசி மறைக்கிற பேச்சே இல்லை. கூரையின் நடுவே தொழிற்சாலையில் மரச்சட்டமும் அதன்மேல் துணியும்தான் இருந்தன. அவ்வளவு பெரிய தகரத்தை ஒரே அடியில் அச்சடிப்பது அந்தக் காலத்தில் எளிதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரையை 1935 மாடலில் கொண்டுவந்தபோது அதைப் பெரிய சாதனையாக விளம்பரம் செய்தார்கள். துணி இருந்த அந்த ஓட்டையை ஒரு பழைய ஸ்டேஷன் வேகனின் கூரையிலிருந்து வெட்டிய தகரத்தால் அடைத்தார். இனி மழை ஒழுகாது. இதை மட்டும் எந்தக் கொள்கைவாதியும் எதிர்க்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மேல்பாகம்தான் வண்டியின் வெளித்தோற்றம் என்பதால் கழற்றி எறிய முடியாது. அடிப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் முழங்காலுக்கு நல்ல இடம் கிடைக்கும். எத்தனை வருஷம் காலியாகக் கிடந்தாலும் பெட்ரோல் டேங்க்கை நம்பக்கூடாது. கழுவி, காயவைத்து, வெட்டுகிற கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, அப்புறம்தான் கை வைத்தார். புது டேங்க் பின்னால், தொட்டிக்கு அடியில் போய்விட்டது. இப்போது மோதினாலும் மடியில் பெட்ரோல் இல்லை.

இன்ஜின், ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8, 1949-க்குப் பிந்தியது, 239 கன அங்குலம், 100 குதிரைசக்தி. பழைய நாலு சிலிண்டருக்கு 40தான். நிறைய பேர் இந்த இடத்தில் ஷெவர்லேயின் 350 கன அங்குல வி8-ஐப் போட்டுவிடுவார்கள். மலிவு, நம்பிக்கையானது, எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். ஆனால் பானட்டைத் திறந்தால் எல்லா வண்டியும் ஒரே வண்டி. ஃபிளாட்ஹெட்டில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, சூடு ஒன்றைத் தவிர. எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் புகை வெளியே வருவதற்குள் பிளாக்கைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பக்கத்துக்கு நாலு சிலிண்டருக்கு மூன்று வாசல்தான், நடுவில் இரண்டு சிலிண்டர் ஒன்றையே பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்தச் சூட்டில் நிறைய இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீருக்கு இறங்கும். ஆகஸ்ட் மாதம் ரிவர்சைடு வெயிலில் இது எப்படி ஓடும் என்று கேட்டேன். ஆகஸ்ட்டில் சாயங்காலம் ஓட்டலாமே என்றார்.

பொய்த் துரு

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை, அவரைவிட நான்தான் கறார். கராஜுக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பெயின்ட் அடிக்காதீர்கள், துருவோடு விட்டு மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு அடியுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். இப்போது அதுதான் மோஸ்தர். அதிலும் ஒரு படி மேலே போய், கதவில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடைப் பெயரையோ பால்பண்ணைப் பெயரையோ புதிதாக எழுதி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஐம்பது வருஷம் வெயிலில் கிடந்த மாதிரி ஆக்குகிறார்கள். அந்தக் கடை எங்கேயும் இருந்ததில்லை. சிலர் துருவையே பெயின்ட்டில் வரைகிறார்கள், பார்த்திருக்கிறேன், பிரமாதமான கைவேலை, ஆனால் எரிச்சலாக வருகிறது. கூரையை வெட்டியவன் வெட்டினேன் என்று ஊருக்கே காட்டிக்கொண்டு போகிறான். இதுவோ வாழாத வாழ்க்கையை வாழ்ந்ததாகச் சொல்கிற வண்டி. பின்பக்கத் தகரத்தில் நிஜமான நம்பர் பிளேட் ஒன்று சீட்டுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் இருக்கும்போது கதவில் பொய்ப் பெயர் எதற்கு? இதைப் பெரியவரிடம் கொட்டித் தீர்த்தேன். "அவன் வண்டி, அவன் இஷ்டம்" என்று முடித்துவிட்டார். தன் வண்டிக்கு மங்கலான கருப்பு அடித்தார், அதனால் எனக்கு நிம்மதி.

சேசிஸ் பழையதேதான். இந்த இடத்தில் பலபேர் 1932 மாடல் மாதிரி புதிதாகச் செய்த சேசிஸை வாங்கிப் போடுவார்கள், பக்கவாட்டில் அழகான கோடு ஒன்று உண்டு அதற்கு, பலமும் அதிகம். மாடல் ஏ சேசிஸ் வி8-க்குக் கொஞ்சம் சோனி. ஆனால் இடதுபக்கச் சட்டத்தின் மேல், கேபினைத் தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில், ஃபோர்டு அடித்த எண் இருக்கிறது. வண்டியின் காகிதமும் அந்த எண்ணும் ஒத்துப்போகின்றன. திறந்திருந்த சட்டத்தின் உள்பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கி, அதையே வைத்துக்கொண்டார்.

இப்போது அடுத்த சண்டை ஆரம்பித்திருக்கிறது. பின்னால் தொட்டி நீளமாகத் தெரிகிறதாம், ஓர் அடி வெட்டினால் சக்கரம் நடுவில் வந்து பார்க்க எடுப்பாக இருக்குமாம். வெட்டிவிட்டால் அப்புறம் அதில் என்ன ஏற்ற முடியும் என்று கேட்டேன். "நீ என்ன ஏத்தப்போறே?" என்றார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் நீல டேப்பைத் தேடி எடுத்துவிட்டார்.